கடிதம் வாசிக்கும் காட்சி: ஒரே அறையில் ஆறு இரவுகள் ஒளியமைத்த பதிவு

ஒருவர் அறைக்குள் வந்து மேசை விளக்கின் அருகே அமர்கிறார். உறையைப் பிரித்துக் கடிதத்தை வாசிக்கிறார். வாசித்து முடித்ததும் அதை மடித்து வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்புகிறார். வசனம் இல்லை, மொத்தமே நாற்பது விநாடி. நடிப்பவரையும் கேமரா நிற்கும் இடத்தையும் மாற்றாமல், ஒளியை மட்டும் மாற்றி, இந்தக் காட்சியை ஆறு இரவுகளில் ஆறு விதமாக எடுத்தேன். கீ லைட் (முகத்தில் அடிக்கும் முதன்மை விளக்கு), ஃபில் லைட் (நிழலைத் தணிக்கும் துணை விளக்கு), பேக் லைட் (பின்னாலிருந்து அடிக்கும் விளக்கு) என்ற மூன்று விளக்குப் பாடத்தைப் பலமுறை படித்திருந்தும், நான் எடுத்தவை சினிமாக் காட்சியாக இல்லாமல் விளக்குப் போட்டு எடுத்த வீடியோவாகவே நின்றன. அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இந்த வேலையில் இறங்கினேன். நடித்தவள் என் தங்கை. இரண்டாம் இரவு முடிவதற்குள் அவளுடைய பொறுமை தீர்ந்துவிட்டது. ஐந்தாம் இரவில்தான் அது திரும்பி வந்தது.

கையில் இருந்தவை அதிகமில்லை. மஞ்சள் வெளிச்சம் தரும் பல்பு போட்ட மேசை விளக்கு ஒன்று, 500 வாட் ஹாலஜன் விளக்கு ஒன்று, உள்ளங்கை அளவுள்ள எல்.இ.டி. பேனல் ஒன்று, இரண்டு ஸ்டாண்டுகள், ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு, ஒரு தெர்மாகோல் பலகை, கொஞ்சம் பட்டர் பேப்பர், ஏராளமான கிளிப்புகள். கறுப்பு வெல்வெட் துணி பிறகு வந்து சேர்ந்தது. முதலிலேயே அதை வாங்கியிருந்தால் ஓர் இரவு மிச்சமாகியிருக்கும்.

விளக்கைத் தொடும் முன்

முதல் பத்து நாள் கேமராவை எடுக்கவே இல்லை. இரவில் அறைக்குள் நடக்கும் திரைப்படக் காட்சிகளாகத் தேர்ந்து, ஒலியை அணைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சட்டகத்தை நிறுத்தி வைத்து, நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன். நிறம் போனதும் கண் வேறு விதமாக வேலை செய்யத் தொடங்குகிறது. சிவப்புப் புடவை, நீலச் சுவர் என்று பொருள்களைப் பார்ப்பது நின்று, முகம் பின்சுவரைவிட வெளிச்சமாக இருக்கிறதா, இருட்டாக இருக்கிறதா, சட்டகத்தில் எத்தனை பங்கு கறுப்பு, வெள்ளை எங்கே உச்சம் தொடுகிறது என்பவைதான் முதலில் தென்படுகின்றன. நான் கவனித்தவரை, பதற்றமான பல காட்சிகளில் முகத்தைவிடப் பின்சுவரின் ஏதோ ஒரு பகுதி கூடுதல் வெளிச்சமாக இருந்தது. முகத்தில் அடிப்பதே விளக்கின் வேலை என்று அதுவரை எண்ணியிருந்த எனக்கு இதுவே முதல் அதிர்ச்சி.

அடுத்ததாக, விளக்கு எங்கே நிற்கிறது என்பதை நிழலைக் கொண்டு கண்டுபிடிக்கப் பழகினேன். மூக்கின் நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு கீழே விழுகிறது என்பது விளக்கின் திசையையும் உயரத்தையும் சொல்லிவிடும். அந்த நிழல் கன்னத்து நிழலோடு போய்ச் சேர்ந்து கண்ணுக்குக் கீழே ஒரு சிறு வெளிச்ச முக்கோணம் மட்டும் மிஞ்சினால், விளக்கு பக்கவாட்டில், முகத்துக்குச் சற்று மேலே நிற்கிறது. ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் அழைக்கப்படும் அமைப்பு இதுதான். நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் ஒளிமூலம் சிறியது. மெல்லக் கரைந்தால் பெரியது. இன்னும் சந்தேகம் இருந்தால் கருவிழியைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஒரு சட்டகத்தில் நடிகரின் கண்ணைத் திரை முழுவதும் பெரிதாக்கியபோது, கருவிழியின் இடது மேல் மூலையில் நீள்சதுரமாக ஒரு வெள்ளைப் பொட்டும், அதற்கு நேர் கீழே மங்கலான இன்னொன்றும் தெரிந்தன. மேலே இருந்தது துணி கட்டிய பெரிய விளக்கு. கீழே இருந்தது அந்த வெளிச்சத்தை வாங்கித் திருப்பும் வெள்ளைப் பலகை. படக்குழு மறைத்து வைத்த இரண்டும் நடிகரின் கண்ணுக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தன.

இப்படிக் கண்டதையெல்லாம் ஒரு நோட்டில், மேலிருந்து பார்ப்பதுபோல் அறையின் வரைபடமாக வரைந்து வைத்தேன். ஒரே காட்சியின் வைட் ஷாட்டையும் குளோசப்பையும் தனித்தனியாக வரைந்தபோதுதான் அந்த வரைபடங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது தெரிந்தது. வைட் ஷாட்டில் விளக்கு மேசையின் ஓரத்தில், தாழ்வாக இருக்கும். குளோசப்பில் முகத்தில் விழும் ஒளியோ அதைவிட உயரத்திலிருந்து, இன்னும் சற்று முன்னாலிருந்து வரும். படப்பிடிப்புத் தளத்தில் இதைச் சீட்டிங் என்பார்கள். திசை மட்டும் ஒத்துப்போனால் போதும். உயரத்தையும் மென்மையையும் மாற்றினால் பார்வையாளர் கண்டுகொள்வதில்லை. நானும் அத்தனை ஆண்டுகளாகக் கண்டுகொண்டதில்லை.

முதல் இரவு: சுவர் செய்த வேலை

மேசை விளக்கை அவளுக்கு இடப்புறம் வைத்தேன். வேறு எதையும் போடவில்லை. ஒரே விளக்குதானே, பாதி முகம் இருட்டில் போய்விடும், காட்சிக்கு வேண்டிய கனம் தானாக வந்துவிடும் என்பது என் கணக்கு. எடுத்துப் பார்த்தால் முகம் முழுவதும் ஒரே சீராக வெளிச்சமாக இருந்தது, பின்சுவரும் அப்படியே. முதல் தவறு எளிதாகப் பிடிபட்டது. கேமராவைத் தானியங்கி முறையில் விட்டிருந்தேன். இருட்டைக் கண்டதும் அது தன் விருப்பத்துக்கு எல்லாவற்றையும் தூக்கிக் காட்டிவிட்டது. ஐ.எஸ்.ஓ. 800, ஷட்டர் விநாடியில் 50இல் ஒரு பங்கு, அபர்ச்சர் எஃப் 2.8 என்று படத்தின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் மூன்றையும் பூட்டி, ஒளியின் மஞ்சள் அல்லது நீலச் சாயலைக் குறிக்கும் வண்ண வெப்பநிலையையும் கையால் குறித்துவிட்டு மறுபடி எடுத்தேன். சற்றுத் தேறியது, ஆனால் நான் திரைப்படங்களில் கண்ட இருட்டு அங்கே இல்லை.

ஒளியை அளக்க உதவும் சாம்பல் அட்டையை முதலில் அவளுடைய இடக் கன்னத்தருகே விளக்கை நோக்கியும், பிறகு வலக் கன்னத்தருகே நிழலை நோக்கியும் பிடித்து அளந்தேன். வித்தியாசம் ஒன்றரை ஸ்டாப் மட்டுமே. ஒரு ஸ்டாப் என்பது ஒளியின் அளவு இரட்டிப்பதையோ பாதியாவதையோ குறிக்கும். ஆகவே ஒரு ஸ்டாப் வித்தியாசம் 2:1, இரண்டு ஸ்டாப் 4:1, மூன்று ஸ்டாப் 8:1. எனக்குக் கிடைத்த ஒன்றரை ஸ்டாப் ஏறத்தாழ 3:1 ஆகும். கலகலப்பான குடும்பக் காட்சிக்கு அது பொருந்தும், இந்தக் கடிதத்துக்குப் பொருந்தாது. ஒரே விளக்கு எரியும் அறையில் நிழல் பக்கத்துக்கு இவ்வளவு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துக்கொண்டே அவளுடைய நாற்காலியில் நான் அமர்ந்து வலப்புறம் திரும்பினேன். ஒரு கை நீளத்தில் வெள்ளைச் சுவர் இருந்தது. விளக்கின் ஒளியை வாங்கி அது முகத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. கூரையும் அதையேதான் செய்துகொண்டிருந்தது. நான் போடாத ஃபில் லைட் ஒன்று, மூன்று மீட்டர் அகலத்தில், எந்நேரமும் எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

இரண்டாம் இரவு: கறுப்புத் துணி

இரண்டு ஸ்டாண்டுகளுக்கு இடையே கறுப்புத் துணியைக் கட்டி, முகத்தின் நிழல் பக்கத்தில், சட்டகத்துக்குச் சற்று வெளியே, அரை மீட்டர் தொலைவில் நிறுத்தினேன். முதலில் கட்டியது பளபளப்பான பாலியெஸ்டர் துணி. கறுப்பாக இருந்தாலும் அதன் மினுமினுப்பு ஒளியைத் திருப்பிவிட்டது. வெல்வெட்டுக்கு மாறியதும் துணி ஒளியை விழுங்கத் தொடங்கியது. மேசை விளக்கின் கூடு வழியே கூரைக்குப் போன வெளிச்சத்தைத் தடுக்க, கூட்டின் மேல்வாயில் அட்டை ஒன்றைக் காற்றுப் போக இடைவெளி விட்டு வைத்தேன். மறுபடி அளந்தபோது இரு கன்னங்களுக்கும் இடையே மூன்று ஸ்டாப் வித்தியாசம் இருந்தது. ஒரு விளக்கைக்கூடக் கூட்டாமலும் நகர்த்தாமலும் 3:1 என்பது 8:1 ஆகிவிட்டது.

ஒளியைத் தடுக்க நிறுத்தும் பலகைக்கும் துணிக்கும் தளத்தில் கட்டர் என்று பெயர். விளக்குக்கும் நடிகருக்கும் இடையே கட்டி ஒளியை மென்மையாக்கும் மெல்லிய வெள்ளைத் துணிக்கு ஸ்கிம்மர் என்று பெயர். விளக்குகளைவிட இவையே எண்ணிக்கையில் கூடுதலாக இருப்பதைப் படப்பிடிப்புப் புகைப்படங்களில் முன்பே கண்டிருந்தேன். எதற்காக என்பது இந்த இரவில்தான் உறைத்தது. விளக்கு போடுவது ஐந்து நிமிட வேலை. போகக் கூடாத இடங்களுக்கு அந்த ஒளி போகாமல் தடுப்பதில்தான் மிச்ச நேரமெல்லாம் கழிகிறது. அன்றைக்கு அது இரண்டு மணி நேரம் பிடித்தது. அத்தனை நேரமும் கடிதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த தங்கை, “அண்ணா, இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. வெறும் மளிகைப் பட்டியல்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மூன்றாம் இரவு: தூரத்தைக் கொண்டு சுவரை இருட்டாக்குதல், சில விபத்துகள்

முகம் சரியானதும் பின்சுவர் உறுத்தியது. அதன் வெளிச்சத்தைக் குறைக்க விளக்கை மங்கலாக்கினால் முகமும் சேர்ந்து மங்கும். இதற்குத் தீர்வு தூரத்தில் இருந்தது. சிறிய ஒளிமூலத்திலிருந்து விலகும் தூரம் இரட்டித்தால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும். பள்ளிக்கூட இயற்பியல்தான். அதை அறைக்குள் வைத்துப் பார்த்தால் இப்படி வருகிறது. விளக்கு முகத்திலிருந்து ஒரு மீட்டரிலும் சுவரிலிருந்து மூன்று மீட்டரிலும் இருந்தால், முகத்துக்குக் கிடைப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான் சுவருக்குப் போகும். அதாவது சுவர் மூன்று ஸ்டாப்புக்கும் சற்று அதிகமாக இருண்டுவிடும். அதே விளக்கை இன்னும் இரண்டு மீட்டர் பின்னுக்கு இழுத்தால், முகத்துக்கு மூன்று மீட்டர், சுவருக்கு ஐந்து மீட்டர். இப்போது சுவருக்குப் போவது 25இல் ஒன்பது பங்கு, வித்தியாசம் ஒன்றரை ஸ்டாப்தான். முகத்தின் வெளிச்சத்தைச் சமப்படுத்திக்கொண்டு இரண்டையும் எடுத்தேன். முதலாவதில் அவள் இருட்டில் தனியாக இருக்கிறாள்; இரண்டாவதில் ஓர் அறையில் இருக்கிறாள். தனிமையைக் காட்ட இதுவரை நடிப்பையும் இசையையும் மட்டுமே நம்பியிருந்த எனக்கு, அளவுநாடாவும் அதைச் செய்யும் என்பது வியப்பாக இருந்தது.

ஆனால் விளக்கு இவ்வளவு அருகில் வந்தால் அதற்கே உரிய தொல்லைகளும் வருகின்றன. அவள் விளக்குப் பக்கம் ஒரு சாண் குனிந்தாலும் முகம் சட்டென்று வெளுத்துவிடும். தொலைவில் இருக்கும் விளக்கு நடிகர் நடமாட இடம் தரும்; அருகில் இருப்பது அவரை நாற்காலியோடு கட்டிப்போட்டுவிடும். உட்கார்ந்து வாசிக்கும் காட்சி என்பதால் தப்பித்தேன்.

அந்த இரவில் ஒளியை மென்மையாக்கவும் முயன்றேன். மென்மை என்பது விளக்கின் வகையைப் பொறுத்தது என்று நெடுநாள் நம்பியிருந்தேன். உண்மையில் அது, பார்க்கப்படும் பொருளிலிருந்து ஒளிமூலம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. சூரியனின் விட்டம் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். ஆனால் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் நம் வானத்தில் அரைப் பாகை அளவே தெரிகிறது, அதனால்தான் வெயிலின் நிழல் அவ்வளவு கூர்மை. அதையே மேகம் மறைத்தால் வானம் முழுவதும் விளக்காகி நிழல் காணாமல் போகிறது. ஆகவே ஒரு மீட்டர் அகலத் துணி ஒரு மீட்டர் தொலைவில் தரும் மென்மையைத்தான் இரண்டு மீட்டர் துணி இரண்டு மீட்டர் தொலைவில் தரும். என்னிடம் இருந்தது பட்டர் பேப்பர். ஒட்டிய தாள் பெரிதாக வேண்டும் என்ற எண்ணத்தில் பல தாள்களை இணைத்து, விளக்கின் வெளிச்சம் குறைந்துவிடக் கூடாதே என்ற பேராசையில் அதை ஹாலஜனுக்கு ஒரு சாண் தொலைவிலேயே கட்டினேன். நான்காம் டேக்கில் ஒரு வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தபோது தாளின் நடுவில் பழுப்பு வட்டம் ஒன்று விரிந்துகொண்டிருந்தது. விளக்கை அணைத்தேன், தீப்பிடிக்கவில்லை. 500 வாட்டில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறும் என்பதைத் தெரிந்திருந்தும் மறந்ததற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. இவ்வளவு அருகில் கட்டியதால் ஒளியும் மென்மையாகவில்லை: தாள் பெரிதாக இருந்தும், அதன் நடுவில் ஒரு தட்டளவு இடம்தான் ஒளிர்ந்தது, முகத்துக்குத் தெரிந்த விளக்கின் அளவும் அந்தத் தட்டளவுதான். ஒரு மீட்டர் தள்ளிக் கட்டியதும் தாள் முழுவதும் நிரம்பியது, நிழல் கரைந்தது, வாசனையும் இல்லை. ஹாலஜன் பல்பை வெறும் விரலால் தொடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் அளவுக்கு மீறிச் சூடாகிப் பல்பு சீக்கிரம் கெட்டுவிடும்.

இன்னொரு விபத்து, மறுநாள் பெரிய திரையில் போட்டுப் பார்க்கும்வரை தெரியவே இல்லை. சுவரில் மெல்லிய இருண்ட பட்டைகள் கீழிருந்து மேலாக ஊர்ந்துகொண்டிருந்தன. மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வரும் இடங்களில் விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும். 50இல் ஒரு பங்கு ஷட்டரில் ஒவ்வொரு சட்டகமும் சரியாக இரண்டு துடிப்புகளை வாங்கிக்கொள்வதால் பட்டை தெரியாது. 60 ஹெர்ட்ஸ் இடங்களில் அதுவே 60இல் ஒரு பங்கு. என் ஷட்டர் சரியாகத்தான் இருந்தது. சிக்கல் எல்.இ.டி. பேனலின் டிம்மரில், அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பில். சில மலிவான டிம்மர்கள் ஒளியை உண்மையாகக் குறைக்காமல், விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரித்து, குறைந்ததுபோல் காட்டுகின்றன. அந்த வேகம் ஷட்டரோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அன்றிலிருந்து அந்தப் பேனலை முழு வெளிச்சத்தில் மட்டுமே எரிக்கிறேன். குறைக்க வேண்டுமானால் தூரம் நகர்த்துவேன், அல்லது துணி ஒரு மடிப்பு கூட்டுவேன்.

நான்காம் இரவு: கூரையில் ஒரு வானம்

சுவரும் ஒரு விளக்குதான் என்று தெரிந்த பிறகு, அதை எதிரியாக மட்டுமே நடத்துவது நியாயமில்லை என்று தோன்றியது. 1956இல் வெளியான சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வில் வரும் காசி வீட்டின் முற்றம் ஸ்டூடியோவுக்குள் போடப்பட்ட செட். திறந்த முற்றத்துக்குள் வானத்திலிருந்து இறங்கும் வெளிச்சத்துக்கு நிழல் கிடையாது. ஸ்டூடியோ விளக்குகளை நேராக அடித்தால் நிழல் விழாமல் இருக்காது. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா செட்டின் மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன் மேல் அடித்து, துணியையே வானமாக்கினார். இன்று எல்லோரும் சாதாரணமாகச் செய்யும் பவுன்ஸ் ஒளியமைப்பின் பெயர்பெற்ற முன்னோடிகளில் அதுவும் ஒன்று.

படுக்கை விரிப்பைக் கூரைக்குக் கீழே கட்டி, ஹாலஜனை மேல்நோக்கித் திருப்பி, காட்சியைப் பகல் நேரமாக மாற்றி எடுத்தேன். கறுப்புத் துணிகளையெல்லாம் அகற்றிவிட்டேன். ஒளி நம்பும்படியாக இருந்தது. இரவு ஒன்பது மணிக்கு எடுத்ததை மேகமூட்டமான பிற்பகல் என்று எவரும் ஏற்றுக்கொள்வார்கள். ஆறு இரவுகளில் மிக எளிதாக முடிந்ததும், மிக அழகாக வந்ததும் இதுதான். ஆனால் காட்சியாக இது நிற்கவில்லை. கடிதத்தைப் பிரிக்கும் முன்பும், வாசிக்கும்போதும், மடித்த பிறகும் அவள் முகம் ஒரே வெளிச்சத்தில் இருந்தது. ஒளி அவளுக்கு நடக்கும் எதிலும் கலந்துகொள்ளவில்லை. முற்றத்தில் குடும்பமே நடமாடும்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே இயல்பாக இருக்கும் இந்த ஒளி பெரும் வரம். நாற்பது விநாடிக்குள் ஒரே ஒரு முகத்தில் ஏதாவது மாற வேண்டும் என்றால், இது கைகொடுக்காது.

ஐந்தாம் இரவு: தலைக்கு மேல் விளக்கு

1972இல் வந்த ‘தி காட்ஃபாதர்’ படத்தில் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ், மார்லன் பிராண்டோவின் முகத்துக்கு ஒளியைத் தலைக்கு மேலிருந்து இறக்கினார். பிராண்டோவின் ஒப்பனைக்கு ஏற்ற ஒளியைத் தேடியதிலிருந்து பிறந்த முறை அது. புருவ எலும்பின் நிழல் கண்குழியில் விழுந்து கண்ணை மறைத்துவிடும். அந்த மனிதர் என்ன நினைக்கிறார் என்பது நமக்குத் தெரியாமல் போகும். கண்ணில் ஒளி இருக்க வேண்டும் என்பது அதுவரை எழுதாத சட்டமாக இருந்ததால் அந்த நாளில் அதற்கு எதிர்ப்பும் எழுந்தது.

மேசைக்கு மேலே ஒரு கம்பை நீட்டி, பல்பை அதிலிருந்து தொங்கவிட்டு, ஒளி சுவருக்குப் போகாதபடி அதைச் சுற்றிக் கறுப்புத் துணியைப் பாவாடைபோல் தொங்கவிட்டேன். மேசையும் அவள் தலைமுடியும் தோளும் ஒளிர்ந்தன. கண்கள் இரண்டும் கரும்பள்ளங்களாயின. முதல் டேக்கைப் பார்த்துவிட்டுத் தங்கை சொன்னாள்: “கண்ணே தெரியலையே அண்ணா. நான் எதுக்கு நடிக்கணும்?” அவள் கேட்டது சரி. மர்மமான ஒரு தலைவருக்குப் பொருந்தும் ஒளி, கடிதம் படிப்பவளுக்குப் பொருந்தவில்லை. கம்பை அவிழ்த்துவிடலாம் என்று எண்ணி, எதற்கும் ஒரு முறை முழுவதுமாக ஓட்டிப் பார்ப்போம் என்று கேமராவை ஓடவிட்டேன்.

உறையிலிருந்து அவள் தாளை எடுத்து விரித்தபோது அவளுடைய முகம் ஒளிர்ந்தது. மேலிருந்து விழுந்த ஒளியை வெள்ளைத் தாள் வாங்கி, கீழிருந்து மோவாய்க்கும் கன்னத்துக்கும் கண்குழிக்கும் அனுப்பியது. இருண்டிருந்த கண்களில் தாளின் வடிவிலேயே இரண்டு சிறு பொட்டுகள் தோன்றின. வரிகளைத் தொடர்ந்து தாள் சற்று ஏறி இறங்கும்போதெல்லாம் முகத்து வெளிச்சமும் சேர்ந்து மூச்சு விட்டது. பிறகு அவள் மடித்தாள். முதல் மடிப்பில் வெளிச்சம் பாதியானது. இரண்டாம் மடிப்பில் இன்னும் குறைந்தது. தாளைக் கீழே வைத்ததும் கண்கள் பழையபடி பள்ளத்துக்குள் போயின. அவள் நடிப்பில் எதையும் மாற்றவில்லை. கடிதத்தில் இருந்தது மளிகைப் பட்டியல்தான். ஆனாலும் அதைப் பார்ப்பவர் எவரும் கெட்ட செய்தி வந்திருக்கிறது என்றே சொல்வார்கள்.

திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். அவளும் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். முதல் இரவில் எனக்குத் தெரியாமல் இருந்த சுவரின் வேலையைத்தான் இப்போது தாள் செய்துகொண்டிருந்தது. வித்தியாசம் என்னவென்றால், இந்தச் சுவர் அவள் கையில் இருந்தது, அதை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு அவளே சோதனைகளைச் சொல்லத் தொடங்கினாள். பழுப்புத் தாளில் வெளிச்சம் போதவில்லை. பளபளக்கும் தாளில் கோடு கோடாக விழுந்தது. தாளை இன்னும் மேசையோரமாகச் சாய்த்துப் பிடித்தால் ஒரு கண் மட்டும் ஒளிர்ந்தது. அளந்தபோது, தாளைப் பிடித்திருக்கும்போது கண்குழிக்கும் நெற்றிக்கும் இடையே இரண்டு ஸ்டாப், தாளை வைத்த பிறகு நான்குக்கும் அதிகம்.

ஆறாம் இரவு: நிறமும் மிச்சமும்

கடைசி இரவில்தான் நிறத்துக்கு வந்தேன். வீட்டு மஞ்சள் பல்பின் வண்ண வெப்பநிலை ஏறத்தாழ 2700 கெல்வின். திரைப்பட டங்ஸ்டன் விளக்குகளின் அளவு 3200. பகல் வெளிச்சத்துக்கு 5600 என்பது வழக்கம். சன்னலுக்கு வெளியே பகல் நிறத்தில் எரியும் எல்.இ.டி. பேனலை வைத்து நிலவாக்கினேன். நிலவொளி திருப்பி வரும் சூரிய ஒளிதான். அது நீலமாக இருக்க வேண்டும் என்பது சினிமா மரபு. கேமராவை 3200இல் வைத்தால் சன்னல் விளம்பரப் படம்போல் அடர்நீலமாகிறது. 5600இல் வைத்தால் சன்னல் வெள்ளையாகி, அறை முழுவதும் ஆரஞ்சாகிறது. 3900இல் நிறுத்தினேன்: அறை வெதுவெதுப்பாகவும், சன்னல் சற்றே குளிர்ந்தும் இருந்தன. பேனலின் ஒளி முகத்தில் படும்போது லேசாகப் பச்சையடித்தது. பெட்டியில், நிறங்களை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. அளவு நன்றாகத்தான் அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் அந்த எண் எட்டு மென்நிறங்களின் சராசரி மட்டுமே, தோலுக்கு மிகவும் தேவைப்படும் அடர்சிவப்பு அதில் சேராது. மெல்லிய மெஜந்தா ஜெல் (ஒளியின் நிறத்தை மாற்றும் கண்ணாடித்தாள்) ஒன்றை ஒட்டிச் சரிசெய்தேன்.

மேசை விளக்கைச் சட்டகத்துக்குள் திரும்பக் கொண்டுவந்தேன், ஏனென்றால் மேலே தொங்கும் பல்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பவருக்கு ஒரு காரணம் வேண்டும். மேசை விளக்கு பெயருக்கு எரிந்தது. வேலையைச் செய்தது மேலே இருந்த பல்பு. இந்தச் சீட்டிங் முகத்தில் எடுபட்டது, மேசையில் அகப்பட்டுக்கொண்டது. 31ஆம் விநாடியில் அவள் கடிதத்தை வைக்கும்போது கைக்கு இரண்டு நிழல்கள் விழுந்தன: மேசை விளக்கிலிருந்து வலப்பக்கமாக ஒன்று, மேல் பல்பிலிருந்து கைக்கு நேர் கீழே ஒன்று. இரண்டு நிழலைக் கண்டால் இரண்டு விளக்கு இருப்பது தெரிந்துவிடும். பத்து நாள் நான் மற்றவர்களைப் பிடித்தது இதைக் கொண்டுதான்.

மேசை விளக்கின் கூட்டுக்குள், அவள் கை இருக்கும் பக்கம் மட்டும், பல்பைத் தொடாதபடி கறுப்புத் தாளை ஒட்டினேன். கேமராவுக்குத் தெரியும் பக்கம் முன்போலவே ஒளிர்ந்தது. மேல் பல்பை 15 சென்டிமீட்டர் இடப்பக்கம், மேசை விளக்கு இருக்கும் திசைக்கு, நகர்த்தினேன். மிச்சமிருந்த ஒற்றை நிழல் இப்போது மேசை விளக்கு போட்டதாகவே தோன்றியது. அதற்குள் பல்பு நகர்ந்ததால் தாளின் வெளிச்சம் வலக்கண்ணுக்கு எட்டாமல் போயிற்று. நான் கேட்கும் முன்பே தங்கை தாளை இரண்டு விரல்கடை தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, “இப்ப வருதா பாருங்க” என்றாள். வந்தது. ஏழாம் டேக்கை வைத்துக்கொண்டோம்.